முன்ஜாக்கிரதை மாமா

யுத்தகாலத்துச் சென்னையில் வீதிக்கு ஒருவராவது இருந்த முன்ஜாக்கிரதை மாமாக்களை ஜப்பானியனுக்குப் பயந்தவர்கள் என்று எவரேனும் எண்ணினால் அது பெரும் அபசாரம். பயந்தவர்கள் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததுமே எழும்பூரில் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். மாமாவோ சர்க்கார் உத்தியோகத்தில் ஹெட்கிளார்க்காக இருந்து பென்ஷன் பெற்றவராகையால், குடும்பம் தப்பி ஓடுவதற்கும் ஒரு பைல் வேண்டும் என்ற சித்தாந்தத்தில் திடமாக நின்றார்.

கும்பகோணத்துத் தங்கை வீட்டுக்கு யார் யார் போவது, வெள்ளிப் பாத்திரங்களைக் கிணற்றில் எந்தப் பக்கமாக இறக்குவது, பாட்டியின் பொடி டப்பி யாருடைய பொறுப்பு என்பன போன்ற விஷயங்களெல்லாம் அந்தப் பைலில் உட்பிரிவுகளோடு விளங்கின. இருட்டடிப்பைச் சோதிக்க வந்த ஏ.ஆர்.பி. வார்டனுக்கே, ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டப் பசை காய்ச்சும் முறையை அவர் உபதேசித்தனுப்பினார். ஒத்திகைக்குச் சங்கு ஊதியபோது, “அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, இறக்கி வைக்கிற வரைக்கும் குண்டு போடுகிறவன் காத்திருக்க மாட்டானோ?” என்று மாமி கேட்ட கேள்வியையும் தள்ளிவிடாமல், ‘பரிசீலனையில்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாமென்று அரசாங்கமே சொல்லிற்று. ஹைகோர்ட்டு கோயம்புத்தூருக்குப் பிரயாணமாயிற்று. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடக் கூடாதென்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்களென்று கேள்விப்பட்டதும், புலி தெருவுக்கு வந்தால் செய்யவேண்டியவற்றைப் பற்றித் தாம் அரும்பாடுபட்டு எழுதிய அத்தியாயம் வியர்த்தமாயிற்றே என்று மாமா மனம் நொந்தார்.

அந்தத் துக்கத்தில் அவர் இருக்கையிலேயே, பக்கத்து வீட்டார் வண்டியில் இடமிருக்கிறதென்று குரல் கொடுக்க, மாமி பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் இரண்டு மூட்டைகளையும் கால்மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ரயில்வே கால அட்டவணைக்கும் ராகுகாலத்துக்கும் நேர்ந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொண்டு மாமா கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது, மாமி அங்கே வடாமே பிழிந்து உலர்த்தியிருந்தாள்.

பீதி அடங்கி எல்லோரும் ஊர் திரும்பிய பின், 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. மாமா அப்போது வீட்டில் ஒருவரையும் நகர விடவில்லை; தனி விமானம் வந்தால் செய்யவேண்டியதற்குப் பைலில் பிரிவே இல்லையாம்.