பின்கதவு வேண்டும்

அய்யலூர் வியாழன் சந்தைக்குப் போனால் கொம்பு, வால் சகிதம் முழு ஆடே கிடைக்கும். அதே ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருப்பவர் ஒரு பின்கதவு தேடினால் திண்டுக்கல் என்ன, சென்னைப் புதுப்பேட்டையே கையை விரித்துவிடும்.

பிரிட்டனில் பிறந்த டிரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. அதற்கு அங்கே இன்றும் உதிரிபாகம் விற்கிறார்கள். அதையே இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரித்த நம் சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி சும்மா இருந்ததா? 1960களின் கடைசியில், மாமியாரும் மச்சானும் முன்சீட்டை மடக்காமல் ஏறட்டுமென்று பின்னால் இரண்டு கதவு சேர்த்தது. உலகத்திலேயே இங்கு மட்டும்தான்! பெருமை தீருமுன் கார் நின்றது, பிறகு கம்பெனியும் போனது. இப்போது அந்தக் கதவு துருப்பிடித்தால் லண்டனுக்கு எழுதியும் பயனில்லை. டிங்கரிங் அண்ணன்தான் தெய்வம். தகரத்தை வெட்டி, தட்டி, வெல்டு வைத்து, மீதியைப் பட்டி பூசி மறைப்பார்.

அரசும் மறக்கவில்லை. 2021 விதிப்படி, 50 வயது தாண்டிய காருக்கு 20,000 ரூபாய் கட்டினால் ‘வின்டேஜ்’ பதிவு. பாடியில் பெரிய மாற்றம் மட்டும் கூடாதாம். அன்றாடச் சவாரியும் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறங்கலாம். பழுதுபார்ப்பதைப் பட்டியலில் சேர்த்த அதிகாரி வீட்டில் நிச்சயம் ஒரு ஹெரால்டு நிற்கிறது. அந்த ஒரு சலுகையிலேயே வருஷம் முழுக்க ஓட்டலாம்.