நெர்டுக்குக் கிடைத்த பதவி உயர்வு

1950இல் டாக்டர் சூஸ் எழுதிய குழந்தைகள் நூலொன்றில், மிருகக்காட்சிசாலைக்குப் பிடித்துவர வேண்டிய விசித்திரப் பிராணிகளில் ஒன்றின் பெயர் ‘நெர்டு’. மறு ஆண்டே, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர இளைஞர்கள் சுவாரசியமில்லாத ஆளை அப்படி அழைப்பதாக நியூஸ்வீக் இதழ் எழுதியது. பிராணி எப்படிக் கூண்டிலிருந்து தப்பியது என்று அகராதிக்காரர்கள் தலையைச் சொறிகிறார்கள். எழுபதுகளில் ‘ஹேப்பி டேஸ்’ தொலைக்காட்சித் தொடர் இந்த வசவை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் நாலு பேனா, நடனத்துக்கு ஜோடி கிடையாது: இலக்கணம் முடிந்தது.

பிறகு கணினி வந்தது. அதில் மூழ்கிய அந்தப் பையன்களிடம் கோடிகள் குவிந்தன. இன்று மற்றவர்களும் பவரே இல்லாத கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு, “நான் கொஞ்சம் நெர்டு” என்று அடக்கமாகப் பீற்றிக்கொள்கிறார்கள். பொருள் சேர்ந்தால் சொல்லுக்கும் பொருள் மாறும்.