கேளாமலே கொடுக்கும் பதிப்பகத்தாருக்கு

பெறுநர்: மேலாளர், மதிப்புரைப் பிரதிகள் பிரிவு (அப்படி ஒரு பிரிவு இருக்கும் என்ற நம்பிக்கையில்).

பொருள்: கேளாமலே வந்துசேரும் நூல்கள் – நன்றி தெரிவித்தல் – இனி அனுப்பாதிருக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்களின் கூரியர் பொதிகள். 2. தங்கள் அலுவலகத் தம்பியின் தொலைபேசி அழைப்புகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மார்கழி பிறந்ததைச் சபா நோட்டீஸ் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. எனக்குக் கூரியர்காரர்தான் பஞ்சாங்கம். சென்னைப் புத்தகக் காட்சிக்கென்று அவசர அவசரமாக அச்சேறிய நூல்கள், பசை காய்வதற்குள் என் வாசலுக்கு வந்துவிடுகின்றன. நான் கேட்கவில்லை. கேட்காதவனுக்குக் கொடுப்பதுதான் உண்மையான கொடை என்பதால் முதலில் நன்றி.

நான் நாவல், சிறுகதை பற்றி மட்டும் எழுதுகிறவன். தங்களுக்கு இது தெரியாது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். தெரிந்துதான் அனுப்புகிறீர்கள் என்பது பொதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது விளங்கியது. பெருமாள்முருகன் 2016இல் வெளியிட்ட ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினேன். தங்களிடமிருந்து வெள்ளாடு வளர்ப்புக் கையேடு வந்தது. 1966இல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ பற்றி எழுதினேன். மானாவாரி நிலத்தில் புளி சாகுபடி வந்தது. அவருடைய ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ பற்றி எழுதும்போதே மனசுக்குள் ஒரு பதைப்பு இருந்தது. பிளஸ் டூ வேதியியல் நோட்ஸ் வந்துசேர்ந்தது. ‘மோகமுள்’ பற்றி எழுத வெகுநாள் ஆசை. என்ன அனுப்புவீர்களோ என்று பயந்து தள்ளிப்போட்டு வருகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இதில் தங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜார்ஜ் ஆர்வெல் 1946இலேயே மதிப்புரைக்காரனின் பிழைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தப் பரிதாப ஜீவனுக்கு வரும் பொதியில் பாலஸ்தீனமும் பால்பண்ணையும் ஒன்றாகக் கிடக்கும். ஆர்வெலுக்காவது பத்திரிகை ஆசிரியர் அனுப்பிவைத்தார், எழுதினால் காசு கொடுத்தார். நம்மூரில் அந்தச் சம்பிரதாயங்கள் இரண்டும் இல்லை.

கேட்ட நூலை அனுப்பிய சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நன்றி கெட்டதனம். மூன்று பாக நாவல் ஒன்றைக் கேட்டிருந்தேன். இரண்டாம் பாகம் வந்தது. மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்ப வேண்டும் என்ற பத்திரிகை மரபைத் தாங்கள் மறக்கவில்லை; இரண்டாம் பாகமே இரண்டு வந்தது. விசாரித்தேன். “முதல் பாகம் ஸ்டாக் இல்ல சார். மூணாவது இன்னும் எழுதிட்டிருக்காரு. நீங்க இதைப் படிச்சிட்டு இருங்க” என்றார் தம்பி.

படித்தேன். 112ஆம் பக்கத்தில் கதாநாயகி கிணற்றடிக்குப் போகிறாள். பக்கத்தைப் புரட்டினால் 97. மறுபடியும் காலையில் எழுந்து, கோலம் போட்டு, மாமியாரிடம் வசவு வாங்கி, 112இல் கிணற்றடிக்குப் போகிறாள். அடுத்த பக்கம் 129. அவளுக்குக் காரியம் முடிந்து பதினாறாம் நாள் நடக்கிறது. ஏழாவது ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்து, எட்டாவது ஃபாரம் பைண்டிங் கடையிலேயே தங்கிவிட்டது. தமிழில் இவ்வளவு துணிச்சலான கதைசொல்லல் உத்தியைக் கண்டதில்லை என்று எழுதியிருப்பேன். இரண்டாவது பிரதியில் எல்லாப் பக்கமும் சரியாக இருந்து கெடுத்துவிட்டது.

லண்டனிலும் நியூயார்க்கிலும் நூல் வெளிவரச் சில மாதங்கள் முன்பே மதிப்புரைக்காரர்களுக்குத் தனிப் பிரதி போகும். பிழை திருத்தப்படாத பிரதி, விற்பனைக்கல்ல என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நமக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. விற்பனைக்கு வருவதும் பிழை திருத்தப்படாத பிரதிதான்.

பொதி வந்த மறுநாள் தம்பி கூப்பிடுவார். “சார், புக் வந்துச்சா? புக் ஃபேர் முடியறதுக்குள்ள ஒரு ரிவ்யூ போட்டுட்டீங்கன்னா ஸ்டால்ல ஒட்டலாம்.” இது என் துறையே இல்லையேப்பா, ஏன் எனக்கு அனுப்பினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு சார்” என்றார். குரலில் ரேஷன் கடை நிதானம். பெயரை எடுத்துவிடலாமா என்றதும்தான் பதறினார்: “அது முடியாது சார். லிஸ்ட் போட்டவர் வேலையை விட்டுப் போயிட்டாரு.”

வந்த நூல்களை என்ன செய்வது? காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன், பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வராது. கிளை நூலகத்துக்குக் கொண்டுபோனேன். இப்போதெல்லாம் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நூலகர் சாப்பிடப் போய்விடுகிறார். வெள்ளாட்டுக் கையேட்டை மட்டும் எங்கள் தெருக்கோடியில் ஏழெட்டு ஆடு வைத்திருக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். சில நாள் கழித்து அவரே வழிமறித்தார்.

“தம்பி, அந்தப் பொஸ்தகத்த எழுதுனவரு ஆடு மேய்ச்சவருதான். துள்ளுமாரிக்கு மழைக்கு முன்னாடியே ஊசி போட்டுறணும்னு சரியாச் சொல்லியிருக்காரு. தீவனக் கணக்குதான் பணக்காரக் கணக்கு. அவ்வளவு பிண்ணாக்குக்கு நான் எங்க போவேன்?”

பாராட்டு, ஆதாரம், மறுப்பு, மறுப்புக்குக் காரணம் எல்லாம் நாலு வரியில். அந்தக் கையேட்டுக்கு இதைவிட நல்ல மதிப்புரை வராது. சொன்னவர் தங்கள் லிஸ்டில் இல்லை.

ஆக, தாங்கள் அனுப்பும் நூல்களில் பல நல்ல நூல்கள்தாம். விலாசம்தான் தப்பு. ஆட்டுப் புத்தகம் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லப் பெரிய ஞானம் வேண்டாம். அனுப்புகிற இடத்தில் ஒருவர் அதைப் பத்துப் பக்கம் படித்திருந்தால் போதும். படிக்காத நூலைப் படிக்கமாட்டாதவனுக்கு அனுப்பி, படிக்காமலே பாராட்டச் சொல்கிற இந்த ஏற்பாட்டில் நூலைத் தொட்டுப் பார்ப்பவர் கூரியர்காரர் மட்டுமே.

இதன் செலவு யார் தலையில் விடிகிறது என்பதும் தங்களுக்குத் தெரிந்ததே. 1200 பிரதி அச்சடித்து நூலக ஆணையை நம்பி உட்கார்ந்திருந்த காலத்தில் கொஞ்சம் கைதவறிப் போனால் கணக்கில் தெரியாது. இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சிடுகிறோம். சலுகைக் கட்டணத்தில் போய்க்கொண்டிருந்த பதிவுப் புத்தகத் தபாலையும் 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு தப்பான பொதிக்கும் கூரியர் காசு அழ வேண்டும். முதல் நூலுக்காக வளையலை அடகு வைத்து அச்சுச் செலவைக் கொடுத்த எழுத்தாளரிடம் “மதிப்புரைக்கெல்லாம் அனுப்பியாச்சும்மா” என்று சொல்லும்போது, அவர் கவிதைகள் மண்புழு உர வல்லுநர் ஒருவர் வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும். எனக்கு ஆடு வந்ததென்றால் கவிதை அங்கேதான் போயிருக்க வேண்டும்.

கேட்காமலே அனுப்பியாக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. 1954ஆம் ஆண்டு இயற்றிய சட்டப்படி, ஒவ்வொரு பதிப்பாளரும் நூல் வெளியான 30 நாளுக்குள் சொந்தச் செலவில் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் என்று அந்தச் சட்டம் எழுதிவைத்தது. 1896இல் திறந்த கன்னிமாரா, நூலைத் திருப்பி அனுப்பாது. தன் துறை இல்லை என்று சொல்லாது. பிழை கண்டால் முகம் சுளிக்காது. அந்த வெள்ளாட்டுக் கையேட்டை அங்கே தேடினேன், இல்லை. எனக்கு மூன்று வந்திருக்கிறது.

எனவே பணிவான கோரிக்கைகள். நூலை அனுப்புமுன் ‘அனுப்பலாமா?’ என்று ஒரு வாட்ஸப் செய்தி போடுங்கள், கூரியரைவிட மலிவு. யாருக்கு அனுப்புவது என்பதை அந்த நூலைப் படித்த ஒருவர் முடிவு செய்யட்டும். அப்படி ஒருவர் அலுவலகத்தில் இல்லையென்றால் எழுதியவரையே கேளுங்கள், அவர் படித்திருப்பார். நான் கேட்டு வராத நாவலின் முதல் பாகத்தை நந்தனத்தில் தங்கள் ஸ்டாலிலேயே பார்த்தேன், அடுக்கடுக்காக. பத்து சதவீதக் கழிவில் வாங்கிக்கொண்டேன். பில் போட்ட தம்பி, மதிப்புரை எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதுவேன். காசு கொடுத்து வாங்கியதைப் படிக்காமல் விடும் வசதி எனக்கில்லை.

இப்படிக்கு,
லிஸ்டில் உள்ளவன்.

இணைப்பு: வெள்ளாடு வளர்ப்புக் கையேட்டுக்குப் பெரியவரின் மதிப்புரை. ஸ்டாலில் ஒட்டிக்கொள்ளலாம், பிண்ணாக்கு வரியை வெட்டக் கூடாது.

நகல்: கன்னிமாரா பொது நூலகம், எழும்பூர். நூல் வராவிட்டாலும் கடிதமாவது வந்துசேரட்டும்.