வள்ளுவரின் உடன்பிறப்புகள்

கேள்வி: மயிலாப்பூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் திருவள்ளுவருக்கு ஔவையாரும் கபிலரும் அதியமானும் கூடப்பிறந்தவர்கள் என்பார் எங்கள் பாட்டி. நம்பலாமா? – ஒரு வாசகி, மந்தைவெளி

பதில்: சங்க இலக்கியத்தில் பாதியை ஒரே ரேஷன் கார்டில் ஏற்றிவிட்டாரே பாட்டி! ஆதி, பகவன் தம்பதிக்கு ஏழு பிள்ளைகள் என்பது கபிலர் அகவல் சொல்லும் கதை. கபிலர் பெயரில் இருந்தாலும் அது மிகப் பிற்காலத்து நூல். 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபின் இந்த உறவை யாரும் சரிபார்க்கலாம் என்றாயிற்று. அதில் அதியமான் ஔவைக்குப் புரவலன். நெல்லிக்கனி தந்ததற்காக அவனை வாயார வாழ்த்துகிறார், அவன் இறந்ததும் கதறுகிறார்; ஓரிடத்திலும் அண்ணன், தம்பி என்ற பேச்சே இல்லை. திருக்குறளோ இவர்கள் காலத்துக்குப் பிந்தியது என்பது அறிஞர் பலரின் முடிவு.

வம்சாவளியாக இது நிற்காது. ஆனாலும் பாட்டியிடம் முழுக்கதையையும் கேளுங்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு சாதி வீடுகளில் வளர்கிறார்கள். பிறப்பில் உயர்வு தாழ்வு ஏது என்று அகவல் சண்டைக்கே நிற்கிறது. அதைக் கேட்பதற்காகவே இப்படியொரு குடும்பத்தைக் கற்பித்தார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கற்பனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.