பந்திக்கு முன், பந்திக்குப் பின்: தகடூர் நாட்டுக் கிட்டார் ஒலி குறித்து ஓர் ஆய்வு

தலை, மிடறு, நெஞ்சு தொடங்கி எழுத்தொலி பிறக்கும் இடங்கள் எட்டு என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துவிட்டார். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி பிறக்கும் இடங்களை அவர் தொடவில்லை, காலம் அப்படி. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. ஆய்வுக் களம், அன்று தகடூர் நாடாக இருந்த தருமபுரி மாவட்டம். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து, 2004-இல் கிருஷ்ணகிரியைத் தனிக்குடித்தனம் அனுப்பிய மாவட்டம் இது. பரப்பு சுருங்கினாலும் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. எனவே தரவுக்கும் பஞ்சமில்லை.

ஆய்வுப் பொருள், லைட் மியூசிக் மேடையில் கிட்டார்காரரின் காலடியில் கிடக்கும் தகரப்பெட்டி. தொழிலில் அதற்குப் ‘பிராசஸர்’ என்று பெயர். உள்ளே லண்டன் ஆம்ப், கலிபோர்னியா ஆம்ப், எதிரொலி, நடுக்கம், கரகரப்பு எல்லாம் குடியிருக்கும். கரகரப்பின் வரலாறு ருசியானது. 1964-இல் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்து அந்த ஓசையை வரவழைத்தார். 1998-இல் லைன் 6 நிறுவனம் சிறுநீரக வடிவில் ‘பாட்’ என்ற சிவப்புப் பெட்டியை விற்கத் தொடங்கியபின் பல ஆம்ப்களின் கரகரப்பு ஒரே பெட்டியில் கிடைத்தது. நம் ஊர் மைக் செட் குடோன்களில் ஸ்பீக்கர் காகிதம் கிழிக்கும் வேலையை எலிகள் இலவசமாகச் செய்துவந்ததை மேலை ஆய்வாளர்கள் பதிவு செய்யத் தவறிவிட்டனர்.

பெட்டி வாங்கியவர் முதலில் செய்வது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டி, பேஸையும் ட்ரிபிளையும் ஏற்றி, நடுவிலுள்ள மிட்டை இறக்குவது. கேட்க அமிர்தம். ஆனால் அது காதின் மோசடி என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கையில் அடித்தொனியும் உச்சத்தொனியும் காதில் சரியாக ஏறா. அதை ஈடுகட்டத்தான் விரல் அந்தக் குமிழ்களைத் தேடிப் போகிறது. அதே அமைப்போடு மேடையேறிச் சத்தத்தைக் கூட்டினால் அடித்தொனி பூதமாய் எழும். கிட்டாரின் உயிரான மிட் ஏற்கெனவே இறக்கப்பட்டுவிட்டதால், கீபோர்டுக்கும் பேடுக்கும் நடுவில் அது காணாமல் போகும். கிட்டார்காரர் வாசிப்பதாக வீடியோவில் மட்டும் தெரியும்.

இதனினும் கொடிய பிழை ஒன்று உண்டு. கிட்டாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் பாடாது. கரகரப்பின் முள்ளை மழுக்குவது அதுதான். பெட்டியிலிருந்து வயர் நேரே மிக்ஸருக்குப் போனால், உள்ளே ‘கேபினெட்’ என்றிருக்கும் ஸ்பீக்கர் மாடலை ஆன் செய்தாக வேண்டும். மறந்தால் டப்பாவில் அடைபட்ட வண்டின் ஓசை வரும். கிட்டார் ஆம்புக்கே வயர் போனால் அதை அணைக்க வேண்டும். மறந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும். முந்நூறு பக்க விளக்கப் புத்தகத்தின் பயனுள்ள பக்கம் இது ஒன்றே என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இனி மண்டபம். பெட்டிக்குள் ‘ரிவெர்ப்’ எனும் அறைமுழக்க வகைகளாக ‘ஹால்’ உண்டு, ‘சர்ச்’ உண்டு, ‘பிளேட்’ உண்டு, ‘ஸ்பிரிங்’ உண்டு. பாலக்கோட்டுக் கல்யாண மண்டபம் இல்லை. கிரானைட் தரை, எனாமல் பூசிய சுவர், உயரத்தில் ஷீட் கூரை: இம்மூன்றும் கூடினால் எந்தப் பெட்டியும் தராத ரிவெர்ப் இலவசமாக வந்து விழும். இதன் மேல் பெட்டியின் ரிவெர்பையும் வைத்தால், 1982-இல் வந்த ‘இளைய நிலா’வின் முகப்புக் கிட்டார், தனித்தனி முத்தாக உதிர வேண்டியது, களியாகிவிடும். தமிழ்நாட்டுக் கிட்டார்காரர் யாரும் இப்பரீட்சையிலிருந்து தப்பியதில்லை.

மண்டபத்தின் இந்த முழக்கத்தை அளக்கவும் வழி உண்டு. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலி தொல்லை மிகுந்த ஒரு விரிவுரை அறையைச் சீராக்கும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி அளந்தார். ஒலியை விழுங்குவதில் ஒரு மனிதர் எவ்வளவு திறந்த ஜன்னலுக்குச் சமம் என்றும் கணக்கிட்டார். விடை, அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதை ரிசப்ஷனுக்குப் பொருத்திப் பாருங்கள். எதிரே 400 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். “சாப்பாடு ரெடி” என்று ஒரு குரல் வருகிறது. பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 180 சதுர மீட்டர் ஜன்னல் எழுந்து டைனிங் ஹாலுக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது பிளாஸ்டிக் நாற்காலி. அது ஒலியை விழுங்குவதில்லை. அந்த நொடி முதல் மண்டபமே வேறு மண்டபம். பந்திக்கு முன் பொருந்திய ரிவெர்ப் பந்திக்குப் பின் பொருந்தாது. தேர்ந்த கிட்டார்காரர் கூட்டம் எழும்போதே கால் கட்டைவிரலால் ரிவெர்பை இறக்குவார். பட்டுப்புடவை மிகுதியாக விழுங்குமா சஃபாரி மிகுதியாக விழுங்குமா என்பதை வருங்கால ஆய்வாளருக்கு விடுகிறோம்.

திருவிழாத் திடல் வேறு உலகம். அங்கே வேப்பமரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் அரசு. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது வாய் திறப்பதில்லை. கிட்டாரின் தடித்த கம்பியோ 82 ஹெர்ட்ஸ். ஆக, அங்கே பேஸ் குமிழைத் திருகுவது பக்தியில் சேருமே தவிரத் தொழில்நுட்பத்தில் சேராது.

ஆனால் குழாய்க்கு ஓர் அரிய குணம் உண்டு. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் குழாயின் ஒலி மேடைக்குத் திரும்பிவர ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். நிமிடத்துக்கு 100 தாள அடி ஓடும் பாட்டில் அரை அடியும் அதே 0.3 நொடிதான். அதாவது காசு கொடுத்து வாங்கும் ‘டிலே’யைத் திடலே தாளத்தோடு தந்துவிடுகிறது. குத்துப்பாட்டு 130-இல் ஓடினால் கணக்கு உடையும். குழாய் 80 மீட்டருக்கு வர வேண்டும். வேப்பமரம் வராது. எனவே பெட்டியின் டிலேயை அணைத்துவிடுவதே வழி. எந்த மலையடிவாரமாயினும் விதி இதுவே. தீர்த்தமலைப் பக்கம் பாறையும் சேர்ந்து பதில் சொல்லும்.

எதிரொலியை அணைப்பது சொல்லளவில் எளிது. மைக் செட்காரர் எதிரொலியை மொய் போலக் கருதுகிறார்; வைக்காமல் விடுவது மரியாதைக் குறைவு. சோலோ நேரத்தில் மேடையில் நடக்கும் உரையாடல் இது:

“அண்ணா, கிட்டார் கேக்கவே இல்லைங்கண்ணா.”

“எக்கோ வெச்சிருக்கேன் தம்பி. இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?”

தம்பி பதறிக் கரகரப்புக் குமிழான கெய்னை ஏற்றுகிறார். கெய்ன் கூடினால் ஒலி உயராது, நசுங்கித் தடிக்கும். சோலோ இன்னும் உள்ளே போகும். செய்ய வேண்டியது கெய்னைக் குறைத்து, மிட்டையும் முடிவிலுள்ள வால்யூமையும் சற்று ஏற்றுவது. இதற்கென்று ஒரு மிதியில் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் ‘சோலோ’ என்று எழுதி வைத்திருப்பவரைக் கண்டால் அவர் நாலு ஊர்த் திருவிழா பார்த்தவர் என்று அறிக.

இந்த மண்ணின் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அங்கே நெய் பூசி மாலை சூட்டிப் பளபளத்த படைக்கலங்களையும், இங்கே நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தவற்றையும் ஒப்பிட்டுச் சொன்னதைப் புறநானூறு 95-இல் காணலாம். இருநூறு அமைப்புகளோடு கீறல் படாமல் உறையில் உறங்கும் பெட்டிகளும், ஒரு குமிழ் உதிர்ந்து அந்த இடத்தில் பேனா மூடி செருகிய பெட்டிகளும் இம்மாவட்டத்தில் உண்டு. நல்ல ஒலி எதிலிருந்து வரும் என்பதற்கு ஔவையே சாட்சி.

ஆகவே பெட்டி செய்யும் நிறுவனத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பெட்டியில் லண்டனை ஒன்று குறைத்து, ‘மண்டபம், பந்திக்கு முன்’, ‘மண்டபம், பந்திக்குப் பின்’ என இரண்டு அமைப்புகள் வையுங்கள். இரண்டாவதில் ரிவெர்ப் சுழியமாக இருக்கட்டும். மைக் செட்காரர் எப்படியும் வைத்துவிடுவார்.