சவரிமுத்து என்னும் குடும்பப்பெயர்: ஒரு கரிசல் நில ஆய்வு

ஸ்பெயின் நாட்டுக் குடும்பப்பெயர் எதுவும் கரிசல் பூமியில் வேர் பிடிக்கவில்லை என்றொரு கருத்து நிலவுகிறது. (நிலவுகிறதா என்று கேட்கக் கூடாது, மறுப்பதற்கு ஒரு கருத்து நிலவித்தான் ஆக வேண்டும்.) கோவில்பட்டிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளை மேய்ந்தாலே இது தவிடுபொடியாகிவிடும். ‘ச. மரியசூசை’ என்று போட்டிருந்தால், அந்தச் ‘ச’ பெரும்பாலும் ஸ்பெயினின் நவார் நாட்டுச் சரக்கு.

மூலம் வருமாறு. 1506இல் நவாரின் ஹாவியர் கோட்டையில் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் ஹுவான் தெ ஹாசோ, தாயார் மரியா தெ அஸ்பில்குவேதா. பிள்ளையோ இரண்டையும் விட்டுவிட்டுக் கோட்டையின் பெயரை எடுத்துக்கொண்டது. பாஸ்க் மொழியில் அதற்குப் புது வீடு என்று பொருள். ஆக, பிரான்சிஸ் சேவியர் நம் வழக்கில் புதுவீட்டுப் பிரான்சிஸ். காரைவீட்டார், மேலவீட்டார் என்று ஆளுக்கு அடையாளம் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சேவியர் நடந்ததெல்லாம் கடற்கரை மணல். அங்கே போர்த்துக்கீசியர் வழியில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர்கள் பர்னாந்து, மோத்தா, மச்சாது என்று குடும்பப்பெயர்களை இன்றும் கட்டிக்காக்கிறார்கள். உள்நாட்டுக் கதை வேறு. 1606இல் தெ நொபிலி தொடங்கிய மதுரை மிஷனில் சாமியார்களே காவி உடுத்தினார்கள். பறங்கிப் பெயருக்கு அங்கே மவுசு இல்லை. காமநாயக்கன்பட்டியில் இருந்த பெஸ்கியே வீரமாமுனிவர் ஆகிவிட்டாரே! சேவியரும் சவேரியாராகி, முத்துச் சேர்த்துச் சவரிமுத்தானார். அது கடல் முத்து என்று தூத்துக்குடித் தரப்பு வாதிடலாம். பக்கத்து வீட்டு மாரிமுத்துவிடமிருந்து வந்தது என்பதே என் கட்சி. சவுரிமுடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

அடுத்து மக்கட்பரம்பல். ஆகஸ்ட் 15, காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா. கூட்டத்துக்குப் பின்னால் நின்று ‘ஏ சவரி!’ என்று ஒரு சத்தம் கொடுத்து, திரும்பும் தலைகளை எண்ண வேண்டும். கூப்பிடுகிறவன் கடன்காரனோ என்று நடையை எட்டிப் போடுகிறவர்கள் கணக்கில் விடுபடுவார்கள். இந்த முறையின் குறை அது ஒன்றுதான்.

ஸ்பெயினில் தகப்பன் வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என்று குடும்பப்பெயர் இரட்டையாக இறங்கும். பிலிப்பைன்ஸில் 1849இல் கவர்னர் கிளாவேரியா பட்டியலே அச்சடித்து மக்களுக்குக் குடும்பப்பெயர் பங்கு வைத்தார். கரிசலில் அந்த வேலைக்கே இடமில்லை. தாத்தா சவரிமுத்து, மகன் ச. மரியசூசை, பேரன் ம. சவரிமுத்து. பருத்தி போட்ட நிலத்தில் மறுவருஷம் கம்பு போடுகிற மாதிரி, ஒரு தலைமுறை முழுப்பெயர், மறுதலைமுறை ஒற்றை எழுத்து. இதை ‘ஒன்றுவிட்ட தலைமுறை விதி’ என்று அழைக்க உத்தேசித்திருக்கிறேன். எதிர்ப்பு ஏதும் இதுவரை வரவில்லை.

விதி முறிகிற இடம் பாஸ்போர்ட் விண்ணப்பம். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் வம்பு என்று கம்ப்யூட்டர் சென்டர் பையன் பயமுறுத்த, மரியசூசையின் ‘ச’ விரிந்து அந்தக் கட்டத்தில் போய் உட்கார்கிறது. கப்பலேறி வந்து குடும்ப வேலையை விட்ட பெயர், விமானம் ஏறும்போது அதே வேலையில் மறுபடி சேர்ந்துவிடுகிறது. துபாய் அலுவலகத்தில் நாள் முழுக்க ‘மிஸ்டர் சவரிமுத்து’ என்று கூப்பிடுகிறார்கள். அவரோ ஊரில் வெள்ளாட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருக்கிறார்.