சாக்குக் கழிவு

சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை அந்தி நேரத்தில் ஹட்டன் டவுனில் சுப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தவர்கள் யாரும் அவரைப் பார்க்காமல் வெளியே வந்திருக்க முடியாது. அவர் முதலாளி இல்லை, மெனேஜர் இல்லை, செக்யூரிட்டியும் இல்லை. ஆனால் நனைந்த குடையை எங்கே சாய்த்து வைப்பது என்பதில் தொடங்கி எந்தக் கவுண்டரில் வரிசை சீக்கிரம் நகரும் என்பது வரை அங்கே அவர் சொல்வதுதான் சட்டம். சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி மப்ளர், சட்டைப் பையில் இரண்டு பேனா, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. கணக்கப்பிள்ளை வேலையை விட்டுப் பதினோரு வருஷமாகிறது. சிவப்புப் பேனாவை மட்டும் இன்னும் விட முடியவில்லை.

தேயிலையில் பி.ஓ.பி., டஸ்ட் என்று ரகம் இருப்பதுபோல மனுஷரிலும் இது ஒரு ரகம். தலவாக்கலையில் ஒருவர் இருக்கிறார், மஸ்கெலியாவில் ஒருவர் இருக்கிறார், நுவரெலியாவில் கட்டாயம் இரண்டு பேராவது இருப்பார்கள். அங்கே ஏப்ரல் சீசனில் கூட்டம் அதிகம், ஒருவரால் சமாளிக்க முடியாது. எங்கள் ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். டவுனில் எல்லாருக்கும் அவர் ‘கே.பி. ஐயா’தான்.

கே.பி. ஐயா சாமான் வாங்குவதே ஒரு சாக்கு. ஒரு கிலோ சீனி, ஒரு சவர்க்காரம், ஒரு மாரி பிஸ்கட். இந்த மூன்றுக்காக ஒன்றரை மணி நேரம் உள்ளே இருப்பார். முதலில் மரக்கறி நிறுக்கிற இடத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அங்கே நிற்கும் பையன் போஞ்சியைத் தராசில் போடுவதற்கு முன்னாலேயே கேள்வி வந்துவிடும்.

“தம்பி, தராசு சைபர்ல நிக்குதா?”

“நிக்குதுங்க ஐயா.”

“சீல் எந்த வருஷத்து சீல்?”

தராசுகளுக்கு வருஷா வருஷம் அளவீட்டுத் திணைக்களம் முத்திரை குத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பாவம், பையனுக்குத் தெரியாது. முதல் வாரம் பயந்துபோய் மெனேஜரைக் கூப்பிட்டான். இப்போது அவர் தூரத்தில் வரும்போதே, “சைபர்ங்க ஐயா, இந்த வருஷத்து சீல்ங்க ஐயா” என்று சத்தம் கொடுத்துவிடுகிறான், பெரட்டுக் களத்தில் பேர் கொடுப்பதுபோல.

அடுத்தது கவுண்டர். இங்கேதான் அவருடைய உண்மையான உத்தியோகம் தொடங்குகிறது. முன்பெல்லாம் தோட்டத்துக் கடையில் சாமான் வாங்குவது மூன்று சொல்லில் முடிந்துவிடும்: “கொப்பியில எழுதிக்குங்க அண்ணே.” பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் கடைக்காரர் கூட்டிக் கழித்துச் சொல்லுகிற தொகையைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே புதுப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். இப்போதோ கேஷியர் பிள்ளை பரீட்சை வைக்கிறது. லோயல்டி நம்பர் இருக்கிறதா? காட் த, கேஷ் த? கியூ.ஆரா? எந்த பேங்க் காட்? அந்த பேங்க் காட்டுக்குக் கழிவு உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமை என்றால்தான். பேக் எகக் ஓனெத?

பிள்ளை நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். வீட்டில் பேசுவது நம்முடைய பேச்சுத்தான். ஆனாலும் யூனிஃபோம் போட்டதும் கேள்விகள் சிங்களத்தில்தான் வரும். வரிசையில் நிற்கிற ஆத்தா, மடியில் முடிந்திருந்த 5,000 ரூபாத் தாளை அவிழ்த்து நீட்டுகிறது. ஏ.டி.எம். மெஷின் அந்தத் தாளைத்தான் கக்கியது, அதற்கு ஆத்தா என்ன செய்யும்? நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 மார்ச் வரை காத்திருந்த ஊர் இது. அந்தக் கணக்கில் ஐந்து நாள் மலையேறியது ஒரே தாளாகச் சுருங்கி நிற்கிறது. “சில்லறை இல்லையா அம்மா?” என்று பிள்ளை கேட்கும். அப்போது பின்னாலிருந்து கே.பி. ஐயா களத்தில் இறங்குவார்.

“நம்பர் சொல்லு ஆத்தா. போன் நம்பர். அதச் சொன்னாத்தான் பாயிண்ட் விழும்.”

ஆத்தா பதறிப்போய்ச் சொன்னது போன் நம்பர் இல்லை. “நூத்தி நாப்பத்தேழுங்க ஐயா.” அது செக்ரோல் நம்பர். கொழுந்து நிறுக்கும்போது முப்பது வருஷமாக அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நம்பர். அந்த முகத்தைப் பார்த்து ‘நம்பர் சொல்லு’ என்ற குரல் கேட்டால் வாயில் வேறெதுவும் வராது.

கியூ.ஆரைப் பற்றி ஐயாவிடம் கேட்டுவிடக் கூடாது. 2018இல் மத்திய வங்கி லங்கா கியூ.ஆர் என்று பொதுவான ஒன்றைக் கொண்டுவந்தது, எந்த பேங்க் ஆப்பாலும் அதைப் படிக்கலாம், 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதுதான் நம்மாட்களுக்கு அந்தப் புள்ளிச் சதுரம் என்னவென்றே விளங்கியது என்று வரிசையாகச் சொல்லுவார். அவர் கையில் இருப்பது பட்டன் போன். கிரெடிட் காட் விஷயமும் அப்படித்தான். சின்னக் கடைகளில் காட் கொடுத்தால் நூற்றுக்கு இவ்வளவு கூடக் கேட்பார்கள். அப்படிக் கேட்கக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி நான்காய் மடித்து வைத்திருக்கிறார். யாராவது காட்டை நீட்டினால் உடனே செய்தி வெளியே வரும். அவரிடம் காட் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததும் கிடையாது. வாகனமே இல்லாதவர் வீதிச் சட்டம் படித்து வைத்திருப்பதுபோல.

மூடுபனி இறங்கி சிக்னல் போன நாள் ஒன்று இருந்தது. ஆறு பேர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு ஸ்கிரீனிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐயா சட்டைப் பையிலிருந்து இரண்டு 500 ரூபாத் தாளை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மெதுவாக எண்ணினார். இரண்டு தாளை அவ்வளவு நேரம் எண்ண முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பக்கம் எனக்கும் சாய்வு உண்டு. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்ற கடை, சாமானை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூடையைக் கையில் கொடுத்தது. அதுவரைக்கும் எடுத்துக் கொடுப்பது கடைக்காரன் வேலை. நம் நாட்டுக்கு அந்தப் பழக்கம் பெரிய அளவில் வந்தது கார்கில்ஸ் 1983இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் சுப்பர் மார்க்கெட் திறந்தபோது. முதலில் எடுப்பது நம் வேலையானது. இப்போது பெரிய கடைகளில் பில் போடுவதும் பையில் அடுக்குவதும் நம் வேலை. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் கூடப் போடாமல் வேலை வாங்குகிற இந்த வித்தை பழைய வெள்ளைக்காரத் துரைமாருக்கே தெரிந்திருக்கவில்லை. சில இடங்களில் புத்தி திரும்பியும் இருக்கிறது. இங்கிலாந்தின் பூத்ஸ் கடைக்காரர்கள் 2023இல் தங்கள் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வாங்குகிறவர்களே பில் போடுகிற மெஷின்களை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். நெதர்லாந்தில் யும்போ என்ற கடை 2019இல், அவசரம் இல்லாமல் கேஷியரோடு பேசிக்கொண்டே பில் போட விரும்புகிறவர்களுக்குத் தனிக் கவுண்டரே தொடங்கியது. இதை ஐயாவிடம் சொன்னேன். “அதுக்குத் தனிக் கவுண்டர் என்னாத்துக்கு? நான் நிக்கிற கவுண்டர் எல்லாமே அதுதானே” என்றார்.

மெஷினோடு அவருக்கு நேருக்கு நேர் மோதல் நடந்தது கொழும்பில். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஆள் இல்லாத கவுண்டர். மெஷின் வேலை செய்கிற விதத்தை மருமகன் விளக்கியதும் ஐயாவுக்குப் புல்லரித்துவிட்டதாம். ஒவ்வொரு சாமானுக்கும் நிறை எழுதி வைத்திருக்கிறது. கோடு காட்டிவிட்டுப் பையில் வைத்தால் அடியில் இருக்கிற தட்டு நிறுத்துப் பார்க்கும். எழுதியதும் இருப்பதும் ஒத்துப் போகாவிட்டால் நிறுத்திவிடும். “ஆள நம்பாத தராசு! இதுவல்லவா தராசு!” கொழுந்து மடுவத்தில் முப்பத்தேழு வருஷம் அவர் நின்ற நிலையே அதுதான்.

சீனியை வைத்தார், சரி. சவர்க்காரத்தை வைத்தார், சரி. மூன்றாவதாக மெஷின் கத்த ஆரம்பித்தது. மேலே சிவப்பு விளக்கு. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யூனிஃபோம் போட்ட ஒரு பிள்ளை ஓடி வந்து, பையில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துப் பார்த்தது. மருமகன் சொன்ன கதை இது: கையில் இருந்த குடையை மாமா தட்டின்மேல் வைத்துவிட்டார். ஐயா ஹட்டனில் சொல்லுகிற கதை வேறு: “மெஷின்ல பிழை. நான்தான் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். இல்லாட்டி என் குடைக்கும் சேத்து காசு எடுத்திருப்பாங்க.” அந்தப் பிள்ளை பையைக் கிளறிய நேரத்தில் எங்கே பார்த்துக்கொண்டு நின்றார் என்று கேட்டேன். பதில் இல்லை. மாரி பிஸ்கட்டின் விலை கூடிவிட்டதைப் பற்றிப் பேசினார்.

இனி, பை விஷயம். 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும், பில்லிலும் தனியாகக் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அதிகார சபை வர்த்தமானியில் போட்டது. குப்பையில் பை குறையட்டும் என்பதற்காக வந்த விதி, நல்லதுதான். ஆனால் அந்த வாரம் கே.பி. ஐயா பில்லைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்புப் பேனா தானாக வெளியே வந்தது.

“இது என்னா புள்ள, நாலாவது ஒண்ணு? நான் வாங்கினது மூணு சாமான்.”

“அது பைக்குங்க ஐயா. அஞ்சு ரூபா.”

“பை எதுக்குக் காசு? சாமானுக்குத்தானே காசு? பை சாமானா?”

“இப்ப எல்லா எடத்துலயும் அப்படித்தாங்க ஐயா. சட்டம்.”

“சட்டமா? யாரக் கேட்டுப் போட்டாங்க? வாங்குறவன ஒரு வார்த்த கேட்டாங்களா?”

வரிசை நின்றுவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர் “பொகவந்தலாவ, பொகவந்தலாவ” என்று கடைசித் தடவையாகக் கூவுவது உள்ளே வரைக்கும் கேட்டது. எனக்குப் பின்னால் அதே ஆத்தா நின்றது, கையில் பால்மா பெட்டி ஒன்று, முதுகில் மடித்துப் போட்ட பழைய கொழுந்துச் சாக்கு. பருப்பும் மாவும் போட்டுக்கொண்டு போகத்தான் அதை எடுத்து வந்திருக்கிறது. அதற்குப் பை தேவையே இல்லை.

கொழுந்து நிறுத்தவர்களுக்கு இது தெரியும்: தராசில் இருபத்திரண்டு கிலோ காட்டும், கொப்பியில் இருபதுதான் விழும். இரண்டு கிலோ கழிவு. சாக்குக்கு என்பார்கள், இலையில் நிற்கிற தண்ணிக்கு என்பார்கள். வெயில் காய்கிற மாசியிலும் தண்ணிக்குக் கழியும். ஒரு நாள் பேருக்குப் பதினெட்டுக் கிலோ தொட வேண்டிய இடத்தில் பதினேழு என்று எழுதப்பட்டு அரைப்பேரோடு வீட்டுக்குப் போன நாட்கள் அந்த ஆத்தாவுக்கு எத்தனை இருந்ததோ.

ஆத்தா கோபமாகச் சொல்லவில்லை. உதவிக்குச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னது.

“விடுங்க ஐயா. சாக்குக்குக் கழிச்சிருக்காங்க.”

கேஷியர் பிள்ளை குனிந்துகொண்டது, அதன் தோள் குலுங்கியது. அதுவும் கொழுந்து மலையிலிருந்து வந்த பிள்ளைதானே. மரக்கறித் தராசில் நின்ற பையன் அங்கேயிருந்து, “சைபர்ங்க ஐயா!” என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான்.

ஐயா ஆத்தாவைத் திரும்பிப் பார்த்தார். “நீ ஏழாம் நம்பர் மலை ஆளுதானே?” என்றார். “ஆமாங்க. நூத்தி நாப்பத்தேழு” என்றது ஆத்தா. அதற்குமேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஐந்து ரூபாக் குத்தி ஒன்றைத் தேடி எடுத்துக் கவுண்டரில் வைத்தார், எண்ணவில்லை.

வாசலில் குடையை விரிப்பதற்கு முன், வழக்கம்போலச் சின்னக் கொப்பியைத் திறந்து அன்றைய செலவை எழுதினார். பக்கத்தில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன், அது என் பழக்கம். சீனி, சவர்க்காரம், பிஸ்கட். நான்காவது வரியில் ‘பை’ என்று எழுதி, அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘சாக்குக் கழிவு — 5.00’.